புழுவுக்கு ஒரு நன்றி

ஆய்வகத்தில் எல்லோரும் அவளைச் சல்லடை என்றுதான் கூப்பிட்டார்கள். கடலுக்கடியிலிருந்து எடுத்த சேற்றைச் சல்லடையில் போட்டு, தண்ணீரில் அலசி, மிஞ்சும் வெள்ளைத் தூளை உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழே பரப்பி, மெல்லிய தூரிகை நுனியால் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவது அவள் வேலை. உப்புக்கல்லைவிடச் சின்ன ஓடுகள். ஒரு தும்மல் போட்டால் காலை முழுதும் பொறுக்கியது காற்றோடு போய்விடும். அதனால் தும்மலை அடக்க அவள் பழகியிருந்தாள். பேச்சை அடக்கப் பழக வேண்டிய தேவை இருக்கவில்லை, அது பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கைவந்த வித்தை.

பெயர் வைத்தவள் பக்கத்து மேசைக்காரி. அவளும் ஆய்வாளர்தான், ஒரே வயதுதான். நாலு பேர் நிற்கும் இடத்தில் யார் எதைத் தூக்க வேண்டும், யார் எங்கே பிடிக்க வேண்டும் என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிடும். சல்லடை மனசுக்குள் அவளுக்கு மேஸ்திரி என்று ஒரு பெயர் வைத்திருந்தாள். அது எப்படியோ வெளியே கசிந்து, இப்போது ஊருக்கே அவள் மேஸ்திரி.

அந்தச் சேற்றை இரண்டு பேரும் ஒரே கப்பலில் போய்த்தான் கொண்டுவந்தார்கள். நீண்ட இரும்புக் குழலைக் கடல் தரையில் செங்குத்தாக இறக்கி மேலே இழுத்தால் உள்ளே சேறு அடுக்கடுக்காக நிற்கும். மேலே இருப்பது புதுசு, கீழே போகப் போகப் பழசு. அந்தச் சேறு நிற்கும் உள்குழாயை ஆளின் தோளுயரத் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் மூடி போட வேண்டும். மேல் முனைக்கு நீலம், கீழ் முனைக்கு வெள்ளை. மூடியைப் பார்த்துத்தான் பிறகு குழாய்மேல் அம்புக்குறியும் எண்ணும் எழுதுவார்கள். கைக்குழந்தைக்குக்கூட விளங்கும் விதி. ஆனால் சேற்றுக்குத் தலை எது, கால் எது என்று அந்த மூடியை விட்டால் சொல்ல ஆளில்லை.

சேற்றில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அண்ணி ஒருமுறை கேட்டாள். சல்லடை அண்ணன் வீட்டில் தங்கித்தான் வேலைக்குப் போய்வந்தாள். அண்ணிக்குப் பல் மருத்துவரிடம் உதவியாளர் வேலை. நாள் முழுக்க வாயைத் திறங்க, வாயைத் திறங்க என்று எல்லோரிடமும் சொல்கிறேன், வீட்டில் ஒருத்தியிடம் மட்டும் அது பலிக்க மாட்டேன் என்கிறது என்பாள். அன்றைக்கு என்னவோ பலித்தது. சல்லடை வாயைத் திறந்து சொன்னாள்.

கடல் தண்ணீரில் லேசான தண்ணீரும் துளி கனமான தண்ணீரும் கலந்து கிடக்கின்றன. லேசானது முந்திக்கொண்டு ஆவியாகும். அது எங்கோ நிலத்தில் பனியாக விழுந்து உருகாமல் தங்கிவிட்டால் கடலுக்குத் திரும்பாது. நிலத்தில் பனிப்பாளம் பெருகப் பெருகக் கடலில் கனமானது மிஞ்சும். கடலில் வாழும் பொடி உயிர்கள் அந்தத் தண்ணீரிலிருந்துதான் தங்கள் ஓட்டைக் கட்டிக்கொள்ளும். செத்தால் ஓடு அடியில் போய்ப் படியும். ஆக, ஓட்டை அளந்தால் அது வாழ்ந்த காலத்தில் நிலத்தின்மேல் எவ்வளவு பனி உட்கார்ந்திருந்தது என்று தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணி, எதிர்வீட்டு விஷயத்தைக்கூட யாரும் இவ்வளவு தூரம் துருவ மாட்டார்கள் என்றாள்.

துருவித் துருவித்தான் அந்த விசித்திரம் கிடைத்தது. பனியுகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நடை. பனிப்பாளம் ஆமை வேகத்தில் வளரும். பல்லாயிரம் ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். போகும்போது மட்டும் பொலபொலவென்று சரிந்துவிடும். வரைபடத்தில் பார்த்தால் ரம்பப் பல் போலிருக்கும், ஒரு பக்கம் நீண்ட ஏற்றம், மறுபக்கம் செங்குத்து. சல்லடை அளந்த குழாய்கள் எல்லாமே அப்படித்தான் சொல்லின, ஒன்றைத் தவிர. ஏறத்தாழ ஒரு முழுப் பனியுகத்தையே வயிற்றில் வைத்திருந்த அந்தக் குழாயில் மட்டும் பனி சடாரென்று வந்து, சாவகாசமாகக் கிளம்பிப் போயிருந்தது.

மேடத்திடம் காட்டினாள். மேடம் ஆய்வகத்தின் தலைவர். நடையும் வேகம், பேச்சும் வேகம். கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு மேசை முழுக்கத் தேடுவது தவிர அவரிடம் வேறு தாமதம் கிடையாது. அன்றைக்கு வரைபடத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். இது மட்டும் உண்மையென்று உறுதியானால் பனியுகப் பாடத்தையே திருப்பி எழுத வேண்டிவரும் என்றார். அப்புறம் கேட்கவா வேண்டும். சாயங்காலத்துக்குள் நாலு ஊர்க்காரர்களுக்குப் போன் போயிற்று. ஆண்டுக் கூட்டத்தில் சல்லடைக்குப் பேச நேரம் வாங்கியாயிற்று. அவளுடைய வேலை அந்த வருடத்தோடு முடிவதாக இருந்தது. கூட்டம் முடிந்ததும் அதை நீட்டிப்பது பற்றிப் பேசலாம் என்று மேடம் போகிற போக்கில் சொன்னது அவள் காதில் இனிமையாக விழுந்தது. இந்த வேலை போனால் அவளுக்கு ஊரில் வேறு சேறு கிடையாது.

ஒரே ஒரு நெருடல். குழாயின் இரண்டு முனைகளிலும் கோடு, மேலும் கீழும் இருந்த குழாய்களோடு ஒட்டாமல் லேசாகத் தாவியது. அறுக்கும்போது கொஞ்சம் சேறு சிந்தியிருக்கும் என்று குறித்துவைத்தாள். சேறு என்றால் சிந்தத்தானே செய்யும். மேடமும் தலையாட்டினார். வேண்டியது நடக்கும்போது யாரும் காரணத்தை உரசிப் பார்ப்பதில்லை.

கூட்டம் வியாழக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணி ஃப்ரிட்ஜைச் சுத்தம் செய்தாள்.

அது அண்ணி கல்யாணத்துக்கு முன்னாலேயே வாங்கிய பழைய ஃப்ரிட்ஜ். மேல் பெட்டியில் பனி கட்டிக்கொண்டே போகும். மாதக்கணக்கில் ஒருவர் கண்ணுக்கும் தெரியாமல் வளர்ந்து, ஒருநாள் பார்த்தால் கை நுழைக்க இடமிருக்காது. அண்ணி சுவிட்சை அணைத்து, கதவைத் திறந்துபோட்டு, உள்ளே ஒரு கிண்ணம் வெந்நீரை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். டீ குடித்து முடிப்பதற்குள் உள்ளே சடசடவென்று சத்தம் கேட்டது. ஒரு பாளம் அப்படியே கழன்று விழுந்தது.

வரும்போது மெதுவாக வந்து போகும்போது இப்படிப் போனால் எவ்வளவு நல்லது, உன் அண்ணன் தொப்பைக்கு இந்தப் புத்தி இல்லையே என்றாள் அண்ணி. கூடத்திலிருந்து அண்ணன் கனைத்தான்.

சல்லடை பாளத்தை எடுத்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டாள். உள்ளே ஒரு பச்சைப் பட்டாணி சிக்கியிருந்தது. எந்த மாதத்துப் பட்டாணி என்று விளையாட்டாகப் பார்க்கப்போனவளுக்கு ஒரு சின்னக் குழப்பம். பாளம் விழுந்த வேகத்தில் புரண்டிருந்தது. இதில் எது முதலில் கட்டியது, எது கடைசியில் கட்டியது? திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் வழவழப்பாக இருந்தது, அதில் ஃப்ரிட்ஜ் சுவரின் வரிகள் அச்சுக் குத்தியதுபோல் பதிந்திருந்தன. சுவரை ஒட்டியிருந்தது இதுதான். ஆக இதுதான் பழசு. பட்டாணியும் பழசுதான்.

கையில் பாளம் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. சல்லடை அப்படியே நின்றாள்.

கப்பலில் ஒரு காலை அவளுக்கு நினைவு வந்தது. கடல் கொந்தளித்த நாள், அந்த விசித்திரக் குழாய் மேலே வந்த நாள். குடல் வாய்க்கு வந்துவிடும்போல இருந்தது. மூடி போடும் வேலை அவளுடையது. கண்ணைத் திறந்தால் தொடுவானம் ஆடுகிறது என்று பாதிக் கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். மேஸ்திரி ஒரு கையால் வாளியை இவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, மறுகையால் மூடிகளை எடுத்து நீட்டினாள். நடுவில் ஒரு நீல மூடி கைதவறி உருண்டோடியது. இவள் தவழ்ந்து போய்ப் பிடித்தாள். திரும்பி வந்து எந்த முனையில் போட்டாள்? எது முன்னால் தெரிந்ததோ அதில்.

"என்ன, நீயும் சேர்ந்து உறைஞ்சுபோயிட்டியா?" என்றாள் அண்ணி.

"அண்ணி, ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன்னு நினைக்கிறேன்."

எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் தொட்டியில் பாளங்கள் பாதி கரைந்திருந்தன. கடைசியில் அண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். யாருக்கும் தெரியாமல் சரிபார்க்க வழி இருக்கிறதா? இல்லை. குழாயை நெடுக்காகப் பிளந்து ஒரு பாதியை வேலைக்குக் கொடுப்பார்கள், மறுபாதியைச் சுற்றிக் கட்டிக் குளிர்க்கிடங்கில் வைத்துவிடுவார்கள். வேலைப் பாதியைச் சல்லடை வழித்துத் தீர்த்துவிட்டாள். வைப்புப் பாதியைப் பிரிக்க வேண்டுமானால் மேடம் அனுமதிக்க வேண்டும். ஆக, சந்தேகத்தை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உண்மை பிறகுதான் தெரியும்.

"எங்க இடத்துல, வலிக்கும்னு முன்னாடியே சொல்லிடுவோம். சொல்லிட்டா பாதி வலிதான்" என்றாள் அண்ணி. "மீதிப் பாதி வலிக்கத்தான் செய்யும். பொய் சொல்ல மாட்டேன்."

திங்கட்கிழமை காலை சல்லடை முதலில் மேஸ்திரியிடம் போனாள். மேஸ்திரி கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தூரிகையைக் கையில் உருட்டினாள். பிறகு எழுந்து, வா என்று சொல்லி முன்னால் நடந்தாள்.

மேடம் அறையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். சல்லடை அவர் தலையைச் சுட்டிக்காட்டினாள். மேடம் அதை இறக்கி மாட்டிக்கொண்டார். வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் காலை வாரிவிட்டது. கடைசியில் வந்தது இவ்வளவுதான்.

"மேடம், அந்தக் குழாய் தலைகீழா இருக்கலாம்."

"யார் சொன்னா?"

"நான்தான். மூடி போட்டதும் நான்தான். அன்னிக்கு எனக்குத் தலை நிக்கலை."

"மூடியை எடுத்து நீட்டினது நான், மேடம்" என்றாள் மேஸ்திரி. "அவளை மட்டும் கேட்டா சரியாகாது."

"நீ சும்மா இரு. உன்னை யாரும் கேக்கலை."

மேடம் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தார். போய் அதைக் கழற்றினார். ஒருமுறை இடவலமாகத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் தாளின் முதுகுப் பக்கமாகப் பிடித்தார். நீண்ட ஏற்றம், செங்குத்துச் சரிவு. மற்ற குழாய்கள் சொன்ன அதே பழைய ரம்பப் பல். அவர் முகம் மாறியதைச் சல்லடை பார்த்தாள், பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"இது மட்டும் போதாது" என்றார் மேடம். குரலில் வேகம் இல்லை. "நமக்குப் பிடிச்சிருக்குங்கிறதுக்காக ஒண்ணை நம்பினோம்ல, அதே தப்பை மறுபடி பண்ண வேண்டாம். சேறே சொல்லணும். எதை வச்சுப் பார்க்கலாம்?"

சல்லடை அதைத்தான் ஞாயிறு முழுக்க யோசித்திருந்தாள். ஃப்ரிட்ஜ் பனியில் சுவரின் வரிகள் இருந்தது போலச் சேற்றில் என்ன இருக்கும்?

"புழு, மேடம்" என்றாள்.

குளிர்க்கிடங்கில் மூன்று பேரும் கனமான கோட்டு போட்டுக்கொண்டு நின்றார்கள். மேஸ்திரி யார் எந்த முனையைப் பிடிக்க வேண்டும் என்று சொல்ல, வைப்புப் பாதியைத் தட்டிலிருந்து இறக்கி மேசையில் கிடத்தினார்கள். சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பிரித்தார்கள். காய்ந்து மங்கியிருந்த மேற்பரப்பைச் சல்லடை ஒரு கண்ணாடிச் சில்லின் விளிம்பால் குறுக்கே மெல்லச் சீவினாள். ஈரமான நிறம் எழுந்துவந்தது. பனி மிகுந்த காலத்துச் சேறு கறுப்பு, பனி குறைந்த காலத்துச் சேறு வெளிர். இரண்டும் கத்தியால் வெட்டியதுபோல் சந்திக்கும் இடம் ஒன்று இருந்தது. அவள் அங்கே விளக்கை இறக்கினாள்.

கடல் தரையில் வாழும் புழு மேலிருந்து கீழேதான் துளைக்கும். வேறு வழி அதற்கு இல்லை. தரைக்கு மேலே தண்ணீர், கீழே சேறு. அது துளைத்துவிட்டுப் போன பொந்தில் மேலேயுள்ள சேறு இறங்கி நிரம்பும். ஆக, எந்தச் சேறு எந்தச் சேற்றுக்குள் புகுந்திருக்கிறதோ, அதுதான் மேல்.

கறுப்புச் சேற்றுக்குள் வெளிர்ப் புள்ளிகள் இருந்தன. சில வட்டம், சில வளைந்த விரல் மாதிரி. வெளிர்ச் சேற்றுக்குள் கறுப்பு ஒன்றுகூட இல்லை. வெளிர்தான் மேலே இருந்திருக்க வேண்டும். ஆனால் குழாய்மேல் போட்டிருந்த அம்புக்குறியின்படி வெளிர் கீழே இருந்தது. அம்புக்குறியை நம்பினால், அந்தப் புழு தலைகீழாக நின்று ஆகாயத்தை நோக்கித் துளைத்திருக்க வேண்டும்.

மேடம் குனிந்து வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு வெறும் கண்ணாலும் பார்த்தார்.

"எத்தனை ஆயிரம் வருஷம் கழிச்சு என் மானத்தைக் காப்பாத்தியிருக்கு பாரு, எலும்புகூட இல்லாத ஜீவன்" என்றார்.

சல்லடைக்கு அழுகை வந்தது. தும்மலை அடக்குகிற மாதிரி அடக்கினாள். மேஸ்திரி பார்த்துவிட்டுத் தன் கையுறையைக் கழற்றி நீட்டினாள். அதில் முகம் துடைக்க முடியாது என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

மேடம் அறைக்குத் திரும்பியதும் போனை எடுத்தார். நீங்கள் போகலாம் என்று சொல்லவில்லை, அதனால் இருவரும் நின்றார்கள். மேடம் யார் யாரிடம் பெருமையடித்தாரோ அவர்களையெல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எல்லோரிடமும் கிட்டத்தட்ட ஒரே பேச்சு. எங்கள் கைத்தவறு, குழாய் தலைகீழாக இருந்திருக்கிறது, எங்கள் பெண்ணேதான் கண்டுபிடித்தாள். எதிர்முனையில் யாரோ சிரித்தது வெளியே கேட்டது. மேடம் காது மடல் சிவந்தது. மூடி போட்டது யார் என்று அந்த ஆள் கேட்டிருக்க வேண்டும். ஆய்வகம்தான் போட்டது என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினார்.

சல்லடை அதை மறக்கவில்லை. திட்டு வாங்கத் தயாராக வந்தவளுக்கு அது கிடைக்காமல் போனதில் கைகால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவள் அளவுகளைத் திருப்பி அடுக்கினாள். சிந்திப்போனதாக எழுதிவைத்த சேறு எங்கும் சிந்தியிருக்கவில்லை. குழாயைத் திருப்பியதும் இரண்டு முனையிலும் கோடு அக்கம்பக்கத்தோடு வழுக்கிக்கொண்டு சேர்ந்துவிட்டது. பாடத்தைத் திருப்பி எழுதும் விசித்திரம் போயிற்று. பதிலுக்கு வேறொன்று வந்தது. சரியான பக்கமாகப் படித்தபோது, ஒரு பனிப்பாளத்தின் தொடக்கம் அந்தக் குழாயில் கொஞ்சமும் கலையாமல் இருந்தது. கோடு முதலில் தயங்கியது. துளி ஏறியது, பாதி இறங்கியது, மறுபடி துளி ஏறியது. அவ்வளவு நெருக்கமாக ஓடுகளைப் பொறுக்கி யாரும் அந்தக் கட்டத்தை அளந்திருக்கவில்லை. பெரிய கண்டுபிடிப்பு என்று மார்தட்ட முடியாது. ஆனால் உண்மை.

வியாழக்கிழமை அவள் பேசினாள். முதல் இரண்டு வாக்கியம் முன்வரிசையைத் தாண்டவில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து மேஸ்திரி, கையை மேலே மேலே என்று தூக்கிக் காட்டினாள், சாரத்தில் சரக்கு ஏற்றச் சொல்கிறவள் மாதிரி. குரல் ஏறியது.

பனியுகம் கடுங்குளிரால் தொடங்குவதில்லை என்று அவள் சொன்னாள். குளிர்காலத்தில் எவ்வளவு பனி வேண்டுமானாலும் விழலாம், கோடை வந்து அத்தனையையும் உருக்கிவிட்டால் கணக்கு தீர்ந்தது. பூமி சாய்ந்து சுற்றுகிற விதம் மெல்ல மாறி, வடக்கே கோடை வெயில் கொஞ்சம் சோம்பிவிட்டால் போதும். போன வருடத்துப் பனியில் ஒரு கைப்பிடி உருகாமல் மிஞ்சும். அதன்மேல் இந்த வருடத்தது விழும். வெள்ளைத் தரை வெயிலைத் திருப்பி அனுப்பும், அதனால் இன்னும் கொஞ்சம் மிஞ்சும். பாளம் உயர உயர அதன் உச்சி குளிர்ந்த காற்றுக்குள் போகும். இப்படி மிச்சத்தின்மேல் மிச்சமாகத்தான் ஒரு கண்டத்தையே மூடுகிறது. அதே கனத்தில் அடித்தரை மெல்லத் தாழ்ந்துபோகும். பிறகு கோடை மறுபடி முறுக்கிக்கொள்ளும்போது, தாழ்ந்துவிட்ட பாளம் வெதுவெதுப்பான காற்றில் அகப்பட்டுக்கொள்ளும். ஓரங்கள் தண்ணீரில் நின்று உடையும். அதனால்தான் வருவதற்கு அவ்வளவு காலம், போவதற்கு இவ்வளவு அவசரம்.

குழாய் தலைகீழாக இருந்த கதையையும் அவள் மறைக்கவில்லை. புள்ளிகளின் படத்தைக் காட்டினாள். கடைசிப் படத்தில் நன்றிகள். மேடத்துக்கு. வாளி பிடித்த தோழிக்கு. பழைய ஃப்ரிட்ஜை விற்க மறுக்கும் அண்ணிக்கு. அதற்கும் கீழே, நேராக நின்று துளைத்த ஒரு புழுவுக்கு. அரங்கம் சிரித்தது. அவளை நோக்கி அல்ல, அவளோடு சேர்ந்து. அந்த வித்தியாசம் காதுக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று அவள் நினைத்ததில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது மேடம் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் நடந்துகொண்டே, அடுத்த கப்பலுக்கு ஆள் பட்டியல் கொடுத்துவிட்டேன், உன் பெயரும் இருக்கிறது என்றார். கப்பல் அடுத்த வருடம்தான். ஆக வேலையும் அடுத்த வருடம் இருக்கிறது. இதைக் கூட்டிக் கழித்துப் புரிந்துகொள்ளச் சல்லடைக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் மேடம் படியில் பாதி தூரம் இறங்கிவிட்டார். அவள் பின்னாலேயே ஓடினாள்.

நன்றி என்று சொல்ல வந்தவள் வாயில் வேறுதான் வந்தது. "மேடம், இந்தத் தடவை மூடி யார் போடுறது?"

மேடம் நின்றார். அதுவும் கேட்க வேண்டிய கேள்வியா என்பதுபோல் திரும்பிப் பார்த்தார்.

"நீதான். இனிமே உன்னைவிட ஜாக்கிரதையா அதைப் போடுற ஆள் எனக்கு எங்க கிடைக்கும்?"

பின்னாலிருந்து மேஸ்திரி, அப்படியானால் வாளி பிடிப்பது மறுபடியும் தான்தானா என்று கேட்டாள். மேடம் தலையில் இருந்த கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார்.